ஸ்கொட்லாந்து மலைக்குக் குளிர்காலத்தில் சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலைப் பிள்ளைகள் படிப்புக்காகப் போகும் ஊர்களில் இப்போது கிளாஸ்கோவும் எடின்பரோவும் டண்டீயும் அபர்டீனும் சேர்ந்துவிட்டன. விசா, கட்டணம், பகுதிநேர வேலை, வாடகை அறை பற்றியெல்லாம் பத்திரிகைகளில் வாசிக்கக் கிடைக்கிறது. ஆனால் போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், விடுமுறை நாளொன்றில், நண்பர்களோடு அவர்கள் மலைக்குப் போவார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பனியில் நின்று எடுத்த படம் உவர்மலையிலும் நிலாவெளியிலும் உள்ள வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் வந்த பிறகுதான் பெற்றோருக்கே தெரியவருகிறது. அந்த மலைகளில் குளிர்காலத்தில் சைக்கிளிலும் நடையிலும் பழகியவர்கள் நாங்கள். போகவேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போகவேண்டிய இடம்தான் அது. எப்படிப் போய், எப்படி நேரத்தோடு இறங்குவது என்பதை ஒருமுறையாவது முழுதாக அச்சில் கொடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

முதலில் உயரம் பற்றிய மயக்கம். பிரித்தானியாவின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸ் 1345 மீற்றர். எங்கள் நுவரெலியா நகரமே 1868 மீற்றரில் இருக்கிறது. அங்கே சுற்றுலா போய் வந்த பிள்ளைக்கு ஸ்கொட்லாந்து மலை ஒரு குன்றாகத்தான் தோன்றும். ஆனால் திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்க, அந்த மலைகள் ஏறத்தாழ 57ஆம் பாகையில், அத்திலாந்திக் புயல்கள் கரையேறும் வழியில் நிற்கின்றன. 1245 மீற்றர் உயரமான கெயார்ன் கோர்ம் உச்சியில் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 278 கிலோமீற்றர் வேகத்தில் காற்று பதிவானது. அதற்குத் தெற்கே உள்ள பிறேமர் கிராமத்தில் 1895இலும் 1982இலும் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 27.2 பாகைக்கு இறங்கியது. இவை உச்சப் பதிவுகள். ஆட்களை மலையில் விழுத்துவது பெரும்பாலும் இந்த அளவுக் குளிரல்ல. பூச்சியத்துக்கு ஒன்றிரண்டு பாகை மேலே, மழையும் பனியும் கலந்து, மணிக்கு அறுபது எழுபது கிலோமீற்றர் காற்றோடு வரும் நாள்தான். உடுப்பு நனைந்துவிடும், நனைந்தது காயாது, காற்று உடற்சூட்டைப் பறித்துக்கொண்டே இருக்கும். வெறும் குளிருக்கு உடுப்புப் போடலாம். ஈரமும் காற்றும் சேர்ந்தால் உடுப்பும் போதாது.

அடுத்தது பகல். டிசம்பர் கடைசியில் அந்த மலைநாட்டில் சூரியன் ஒன்பது மணிக்குச் சற்று முன்பு எழும்பி, மூன்றரை மணியளவில் மறைகிறது. ஆறரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான பகல்தான். அதிலும் முகில் மூடினால் இரண்டரைக்கே மங்கிவிடும். குளிர்கால மலைநாளில் சைக்கிளுக்கு வேலை வருவது இங்கேதான். ஸ்கொட்லாந்தின் பல மலைகளின் அடிவாரம் தார்வீதியிலிருந்து ஐந்து, பத்துக் கிலோமீற்றர் தள்ளி, பள்ளத்தாக்கின் உள்ளே இருக்கிறது. அங்கு வரை பெருநில உரிமையாளரின் கிறவல் பாதை போகும். அந்தத் தூரத்தை நடந்தால் போக வர மூன்று மணித்தியாலம், அதாவது பகலில் பாதி போய்விடும். சைக்கிளில் ஒன்றேகால் மணித்தியாலம் போதும். அதையும் விடியுமுன்பும் பொழுதுபட்ட பின்பும் விளக்கோடு ஓடலாம். பாதை தெளிவானது, சரிவு குறைவு, இருட்டில் ஓடினாலும் வழி தப்பாது. வெளிச்சம் முழுவதையும் மலைக்கென்று மிச்சம் பிடிக்கலாம். குளிர்காலத்தில் சைக்கிளோடு மலைக்குப் போவதன் பயன் இது ஒன்றுதான். சைக்கிள் இருக்கிறதே என்று இன்னும் தூரத்து மலையைத் தேடிப் போவது இந்த மிச்சத்தை அப்படியே தொலைப்பதாகும்.

முதல் நாளுக்கு நாங்கள் சொல்வது கெயார்ன்கோர்ம் மலைகளின் அடிவாரத்தில் உள்ள அவிமோர் என்ற ஊர். எடின்பரோவிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் இன்வர்னஸ் போகும் ரயிலில் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். முதல்நாள் மாலையே போய்த் தங்கவேண்டும்; அன்று காலை ரயிலேறிப் போகிறவர் பத்து பதினொரு மணிக்குத்தான் இறங்குவார், அந்த நாள் ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஸ்கொட்ரெயில் வண்டிகளில் சைக்கிளுக்குக் கட்டணமில்லை. நீண்ட தடங்களில் இடம் குறைவு என்பதால் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. அவிமோரிலிருந்து கிளென்மோர் வரை வீதியை விட்டு விலகிய சைக்கிள் பாதை சுமார் 10 கிலோமீற்றர். அங்கிருந்து பச்சைக் குளத்தைக் கடந்து ரைவோவன் ஒதுங்குகுடில் வரை இன்னும் நான்கு கிலோமீற்றர் காட்டுப்பாதை. குடிலடியில் சைக்கிளை விட்டுவிட்டு, மேற்கே எழும்பும் மியல் அ வுவஹில்ய மலையில் ஏறலாம். பிரித்தானிய நில அளவை நிறுவனத்தின் 36ஆம் இலக்க லாண்ட்ரேஞ்சர் வரைபடத்தில் கிளென்மோருக்கு வடக்கே 810 மீற்றர் என்று குறித்திருக்கும் மலை அது. குடில் நிற்கும் உயரம் ஏறக்குறைய 400 மீற்றர். ஆகவே ஏற்றம் 410 மீற்றர்தான்.

நேரக் கணக்கு இப்படி. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி வகுத்த விதி: மட்டத் தூரம் ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். அந்தக் கணக்கில் குடிலிலிருந்து உச்சிக்கு ஒரு மணித்தியாலமும் சில நிமிடமும். பனிக்கு அதன்மேல் அரைப்பங்கு கூட்டவேண்டும். முழங்கால் புதையும் புதுப்பனியானால் இரட்டிப்பு. எனவே ஒன்றேமுக்கால் மணித்தியாலம் என்று வையுங்கள். எட்டு மணிக்கு அவிமோரில் விளக்கோடு புறப்பட்டால் ஒன்பதுக்குள் கிளென்மோர், ஒன்பதே முக்காலுக்குள் குடில், உடுப்பு மாற்றிச் சாப்பிட்டுப் பத்து மணிக்கு ஏறத் தொடங்கினால் பன்னிரண்டுக்கு முன் உச்சி. எங்கே நின்றாலும் 12.15க்குத் திரும்பவேண்டும். ஒன்றேகாலுக்கு மறுபடி சைக்கிளடி, மூன்று மணிக்கு முன் அவிமோர். முக்கால் மணித்தியாலப் பகல் கையிருப்பில் இருக்கும். அந்தக் கையிருப்பு ஓட்டைச் சில்லுக்கும் சுளுக்கிய காலுக்கும் உரியது. இன்னொரு படம் எடுப்பதற்கு அல்ல. எங்கள் ஊர்க் கொட்பேயில் எந்தத் தோணிக்காரரும் கரைதிரும்பும் நேரத்தை வைத்துத்தான் புறப்படும் நேரத்தைத் தீர்மானிப்பார். மலைக்கும் அதே கணக்கு: திரும்பும் நேரத்தை முதல் நாளிரவே எழுதிவைக்கவேண்டும், மேலே நின்று பேசித் தீர்மானிக்கக்கூடாது.

இனிச் சைக்கிள். நகரத்தில் ஓடும் மெல்லிய ரயர் சைக்கிள் இதற்கு ஆகாது. இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான ரயரும் டிஸ்க் பிறேக்கும் உள்ள மலைச்சைக்கிள் வேண்டும். அவிமோரில் வாடகைக்குக் கிடைக்கும். றிம்மைப் பிடிக்கும் பிறேக்கில் ஐஸ் படிந்தால் கட்டை வழுக்கிக்கொண்டே போகும், சைக்கிள் நிற்காது. ரயரில் காற்றை 20 முதல் 25 பி.எஸ்.ஐ. வரை இறக்கி ஓடினால் பனியில் பிடிப்புக் கிடைக்கும். அதற்கும் கீழே இறக்கி, உள்ளே ரியூப் இருந்தால், கல்லில் மோதும்போது றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் ரியூப் நசுங்கி இரண்டு துளை விழும்.

ஐஸ் மேல் அகலமும் காற்றும் உதவாது. பகலில் உருகிய பனி இரவில் இறுகி, பாதையின் குறுக்கே கண்ணாடித் தகடாக நிற்கும். அதற்குக் கார்பைட் முனை பதித்த ஆணி ரயர்தான் தீர்வு. இரண்டு சில்லுக்கும் போடவேண்டும். ஒன்றுதான் கிடைத்தது என்றால் முன்சில்லுக்குப் போடுங்கள். பின்சில்லு வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சில்லு வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியவரும். புதிய ஆணி ரயரை முதல் 40 கிலோமீற்றர் தார்வீதியில், வெட்டித் திருப்பாமலும் இறுக்கிப் பிறேக் பிடிக்காமலும் ஓடினால் ஆணிகள் இரப்பரில் நன்றாக அமர்ந்துகொள்ளும். அப்படிச் செய்யாதவை முதல் நாளிலேயே கழன்று விழுகின்றன.

குளிர் சைக்கிளின் உள்ளுறுப்புகளைப் பிடிக்கும் விதம் எங்கள் ஊர்க்காரருக்குப் புதிது. கியர் வயரின் உறைக்குள் தண்ணீர் புகுந்து உறைந்தால் கியர் மாறாது. பின்சில்லின் பிறீவீலுக்குள் தடித்த கிறீஸ் இருந்தால், அது குளிரில் இறுகி உள்ளே உள்ள பற்களைப் பிடித்துவிடும். பெடலைச் சுற்றினால் சில்லு சுற்றாமல் வெறுமனே சுழலும். புறப்படுமுன் பிறீவீலுக்கு மெல்லிய எண்ணெய், வயருக்குப் புது உறை, செயினுக்கு ஈரநாளுக்குரிய எண்ணெய் போடுவித்துக்கொள்ளுங்கள். ஒட்டுப் போடும் பசை குளிரில் பிடிக்காது. ஆகவே மாற்று ரியூப் இரண்டும் கைப்பம்பும் கொண்டுபோகவேண்டும். வாயு நிரப்பும் சிறு சிலிண்டரை மட்டும் நம்பினால் ஒரே தடவையில் தீர்ந்துவிடும், வால்வும் உறைந்து ஒட்டும். வெறும் கையால் உலோகத்தைத் தொட்டு வேலை செய்ய இரண்டு நிமிடத்துக்கு மேல் முடியாது என்பதால், மெல்லிய உட்கையுறை ஒரு சோடி பழுது பார்ப்பதற்கென்றே இருக்கட்டும்.

சப்பாத்தைப் பூட்டும் பெடல் வேண்டாம். பூட்டுக்குள் பனி அடைத்து இறுகும், மலைச் சப்பாத்தும் அதில் பொருந்தாது. முள்ளுள்ள தட்டைப் பெடலே நல்லது. விளக்கு முன்னால் 600 லூமனாவது வேண்டும், பின்னால் சிவப்பு. லித்தியம் பற்றரி குளிரில் பாதி நேரத்திலேயே கைவிடலாம்; மாற்றுப் பற்றரியை உள்சட்டைப் பையில், உடம்பின் சூட்டோடு வையுங்கள். தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று, குழுவுக்கு உபரியாக ஒன்று. தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாகச் செருகினால் ஐஸ் அடிப்பக்கத்தில் கட்டும், வாய் அடைக்காது. குழாயில் உறிஞ்சிக் குடிக்கும் பை முதல் அரைமணியிலேயே உறைந்துபோகும். பிளாஸ்க் கொண்டுபோவதே மேல்.

ஓடும் விதமும் வேறு. இருக்கையில் அமர்ந்தபடி, இலகு கியரில், ஒரே சீராக மிதிக்கவேண்டும். எழுந்து மிதித்தால் பின்சில்லு சுழன்றுவிடும். இறக்கத்தில் முன்பிறேக்கை ஐஸ் தெரியும் இடத்துக்கு முன்பே விட்டுவிடவேண்டும். பாதையின் குறுக்கே மழைநீர் வடிய வெட்டிய கால்வாய்கள் பனியால் மூடிக் கிடக்கும். சமதளம் என்று ஏறினால் முன்சில்லு உள்ளே விழும். பத்து சென்ரிமீற்றருக்கு மேல் புதுப்பனி இருந்தால் இறங்கித் தள்ளுவதே விரைவு. ஓடையின் மேல் கட்டியிருக்கும் ஐஸ்தட்டைச் சைக்கிளோடு கடக்கவே கூடாது. உடைந்தால் முழங்கால் வரை நனையும், அன்று மலை இல்லை, நேரே வீடுதான்.

ஏற்றத்தில் வியர்ப்பதுதான் சைக்கிளில் போகிறவருக்குத் தனியாக வரும் ஆபத்து. மிதிக்கும்போது உடம்பு சூடேறும், உள்சட்டை நனையும். குடிலடியில் இறங்கிப் பத்து நிமிடம் நின்றால் அந்த ஈரமே குளிர்விக்கும். ஆகவே புறப்படும்போது சற்றுக் குளிர்வதுபோல இருக்கும் அளவுக்குத்தான் உடுக்கவேண்டும். மெரினோ கம்பளியோ செயற்கை நூலோ ஆன உள்சட்டை இரண்டு. ஒன்று சைக்கிளுக்கு, மற்றது பையில் தண்ணீர் புகாத உறைக்குள், நடைக்கு. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, சூட்டைத் தாங்காது. ஸ்கொட்லாந்து மலையில் எங்கள் பிள்ளைகளை அதிகம் காண்பது ஜீன்ஸோடுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். அதன்மேல் கம்பளிச்சட்டை, அதற்குமேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட்டும் காற்சட்டையும். பையில் செயற்கைப் பஞ்சு ஜாக்கெட் ஒன்று, நிற்கும்போதெல்லாம் போட. தூவி ஜாக்கெட் இலேசானதுதான், ஆனால் நனைந்தால் சுருண்டு பயனற்றுப் போகும். கையுறை மூன்று சோடி, அதில் ஒன்று நான்கு விரலும் ஒன்றாகப் போகும் வகை. திரும்பி இறங்கும்போது காற்று உறைக்கும் என்பதையும் மறக்கக்கூடாது: பூச்சியத்துக்குக் கீழ் இரண்டு பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் சைக்கிள் ஓடினால் வெறும் தோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழ் ஒன்பது பாகையாகப் படும். குடிலடியில் ஏறுமுன் எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு வீட்டிலிருந்து அனுப்பும் அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. தொதலும் எள்ளுருண்டையும் மலைக்கு அருமையானவை. சீனியும் எண்ணெயும் நிறைந்தவை, கொஞ்சத்திலேயே நிறையச் சூடு தரும். ஆனால் தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். திருகோணமலையில் மார்கழி இரவில்கூட அந்த அளவுக்குத்தான் இறங்குகிறது. ஸ்கொட்லாந்து மலையில் தொதல் பல்லுடையும் கட்டியாகிவிடும். சிறு துண்டுகளாக வெட்டி, உள்சட்டைப் பையில் வைத்து, மணிக்கொரு துண்டு சாப்பிடவேண்டும். பசித்த பிறகு சாப்பிடுவது தாமதம்.

சைக்கிளை விட்டுவிட்டுப் போகும்போது மூன்று காரியம். விடுமுன் பிறேக்கை மெல்லப் பிடித்து ஓடி டிஸ்க்கில் உள்ள ஈரத்தைக் காயவையுங்கள், இல்லாவிட்டால் கட்டை டிஸ்க்கோடு ஒட்டி உறையும். இலகு கியரில் விடுங்கள். திரும்பி வரும்போது கியர் உறைந்திருந்தாலும் அந்த ஒரு கியரில் வீடு வந்து சேரலாம். செயின் பக்கம் மேலே இருக்கும்படி, காற்றுப் பனியைக் குவிக்காத மேட்டில் கிடத்தி, வரைபடக் கட்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் விட்ட சைக்கிள் இரண்டு மணித்தியாலத்தில் பனிக்குள் மறைந்துவிடலாம். பனிக்கோடரியைச் சைக்கிள் ஓடும்போது பையின் வெளியே செருகக்கூடாது. விழும்போது அதன் அலகு கழுத்தில் இறங்கும். அலகுக்கும் முனைக்கும் இரப்பர் உறை போட்டு, பைக்குள் நீளவாட்டில் வைக்கவேண்டும்.

பனிக்கோடரியும், சப்பாத்தின் அடியில் பூட்டும் இரும்பு முள்ளுச் சட்டமான கிராம்பனும் வாடகைக்குக் கிடைக்கும் என்பதால் எடுத்துக்கொண்டு போகிறார்கள், பயன்படுத்தப் பழகாமலே. கோடரி 55 முதல் 60 சென்ரிமீற்றர் போதும். அது ஊன்றுகோலாகவும், வழுக்கினால் நெஞ்சோடு அணைத்து அலகைப் பனியில் பதித்து நிற்பதற்கும். இதைப் பாதுகாப்பான சிறு சரிவில், கீழே கல் இல்லாத இடத்தில், மல்லாந்தும் குப்புறவும் தலைகீழாகவும் விழுந்து விழுந்து பழகவேண்டும். இரண்டாவது செக்கனிலேயே நிற்காவிட்டால் வேகம் கூடிப் பிறகு நிறுத்தவே முடியாது. ஸ்கொட்லாந்தில் விறைப்பைப் பொறுத்து சப்பாத்தைப் பி0 முதல் பி3 வரையும், கிராம்பனைச் சி1 முதல் சி3 வரையும் தரம் பிரித்திருக்கிறார்கள். பி1 சப்பாத்துக்குச் சி1, பி2வுக்குச் சி1 அல்லது சி2. வளையும் சப்பாத்தில் விறைத்த கிராம்பனைப் பூட்டினால் நடுவழியில் கழன்றுவிடும். ஈரப்பனி அடியில் கட்டியாக ஒட்டினால் முள் நிலத்தைத் தொடாது. ஒட்டாமல் தடுக்கும் தட்டு அடியில் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். கிராம்பன் போட மிகச் சரியான இடம் அது தேவைப்படுவதற்கு முன் உள்ள கடைசிச் சமதளம். சரிவின் நடுவில் ஒற்றைக்காலில் நின்று போட முயல்வதில்தான் பல விபத்துகள் நடக்கின்றன. கிளென்மோரில் உள்ள தேசிய வெளிப்புறப் பயிற்சி நிலையமான கிளென்மோர் லொட்ஜ் குளிர்கால நடைத்திறன் வகுப்புகள் நடத்துகிறது. முதல் குளிர்காலத்தில் செய்யத்தக்க மிகச் சிறந்த செலவு அதுதான் என்பது எங்கள் கருத்து.

பனிச்சரிவு ஸ்கொட்லாந்திலும் உண்டு. புதிதாகப் பெய்த பனியைக் காற்று அள்ளி, தான் வீசும் திசைக்கு மறுபக்கச் சரிவில் பலகைபோல இறுக்கி அடுக்குகிறது. தென்மேல் காற்று வீசினால் வடகிழக்குச் சரிவுகளில் அந்தப் பலகை சேரும். அடியில் உள்ள பழைய பனியோடு அது ஒட்டாதிருந்தால், 30 முதல் 45 பாகைச் சரிவில் ஒரு ஆளின் பாரமே அதை அறுத்துவிடும். காலடியிலிருந்து வெடிப்பு ஓடுவதும், பனி கீச்சிடுவதும், பெரிய கட்டிகளாக உடைவதும் அறிகுறிகள். ஸ்கொட்லாந்து பனிச்சரிவுத் தகவல் சேவை குளிர்காலத்தில் லொகாபர், கிளென்கோ, கிரேக் மெகி, வட கெயார்ன்கோர்ம்ஸ், தென் கெயார்ன்கோர்ம்ஸ், டொரிடன் ஆகிய ஆறு பகுதிகளுக்கு நாளாந்த முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஐந்து படிகளில் மூன்றாவது படியே கவனத்துக்குரியது. அதற்கு மேலென்றால் தாழ்ந்த காட்டுப்பாதையோடு நிறுத்துங்கள். வானிலைக்கு மலை வானிலைத் தகவல் சேவையும் பிரித்தானிய வானிலை அலுவலகத்தின் மலை அறிக்கையும் இருக்கின்றன. கைத்தொலைபேசியில் ஊரின் பெயரைப் போட்டுப் பார்க்கும் வானிலை பள்ளத்தாக்குக்குத்தான் பொருந்தும். 100 மீற்றர் ஏறினால் பொதுவாக அரை முதல் ஒரு பாகை வரை குறையும், உச்சியில் காற்று பள்ளத்தாக்கைவிடப் பல மடங்காகலாம்.

முகில்மூட்டமும் பனியும் சேர்ந்தால் நிலமும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். மேலேறுகிறோமா கீழிறங்குகிறோமா என்பதே தெரியாது. விளிம்பில் காற்று கட்டிய பனித்தாழ்வாரம் வெறும் அந்தரத்தின் மேல் நிற்கும். அதன் மேல் கால் வைத்தால் உடைந்து விழும். பென் நெவிஸ் உச்சியில் இதற்கென்றே எல்லோரும் மனனம் செய்யும் இரண்டு எண்கள் உண்டு: உச்சித் தூணிலிருந்து, வரைபடக் கட்டங்களின் வடக்கிலிருந்து எண்ணும் திசையில் 231 பாகை, 150 மீற்றர், பிறகு 282 பாகை. வலப்பக்கம் வட முகத்துப் பாறை வெட்டு, இடப்பக்கம் ஐவிரல் பள்ளம் என்ற படுகுழி. 150 மீற்றரை அடி எண்ணி நடக்கவேண்டும். தொலைபேசியின் வரைபடம் நல்ல உதவிதான், ஆனால் குளிரில் பற்றரி திடீரென்று நின்றுவிடும், நனைந்த திரை விரலுக்கு அசையாது. கடதாசி வரைபடமும் திசைகாட்டியும் கழுத்தில் இருக்கட்டும். 1971 நவம்பரில் கெயார்ன்கோர்ம் மேட்டுநிலத்தில் எடின்பரோப் பாடசாலைப் பிள்ளைகள் ஐவரும் உதவி வழிகாட்டி ஒருவரும் இறந்தார்கள். ஒதுங்கிடத்தைத் தேடிப் போய், அதை அடைய முடியாமல், புயலில் திறந்தவெளியில் தங்க நேர்ந்தது. மேலே ஓரிடத்தை அடைந்தால் தப்பலாம் என்று போடும் திட்டம் குளிர்காலத்தில் திட்டமே அல்ல. கீழே இறங்கும் வழிதான் எப்போதும் முதலில் இருக்கவேண்டும்.

ஆறுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். காலையில் உறைந்து கிடக்கும் ஓடை, பகலில் மழையும் உருகலும் சேர்ந்தால் மாலையில் கடக்க முடியாமல் பொங்கும். பாலம் உள்ள வழியையே தெரிவு செய்யுங்கள். 2024 ஏப்ரலில் பிட்லொக்ரிக்கு அருகே லின் ஒஃப் டம்மல் அருவியில் டண்டீப் பல்கலைக்கழகத்தின் இந்திய மாணவர் இருவர் உயிரிழந்தார்கள். அது குளிர்காலம்கூட அல்ல.

ஒருவர் நடுங்கத் தொடங்கினால் உடனே கவனியுங்கள். கால் தடுமாறுவதும், பேச்சுக் குழறுவதும், விரல் ஜிப்பை இழுக்க மறுப்பதும் அடுத்த படி. நடுக்கம் தானாக நிற்பது குணமாவதன் அடையாளம் அல்ல. உடல் தோற்றுவிட்டது என்பதன் அடையாளம். காற்றுப் புகாத குழுக்கூடாரத் துணியை எல்லோர் தலைமேலும் போர்த்து, பையின்மேலோ பாயின்மேலோ அமரவைத்து, ஈரச்சட்டையை மாற்றி, சீனி போட்ட சூடான பானம் கொடுங்கள். கைகாலைத் தேய்க்கக்கூடாது, மது கொடுக்கக்கூடாது. இந்தத் துணி அரைக்கிலோகூட வராது. நாலு பேர் போனால் ஒன்று கட்டாயம் வேண்டும்.

உதவிக்கு 999 அல்லது 112க்கு அழைத்து, முதலில் பொலிஸையும் பிறகு மலைமீட்புக் குழுவையும் கேட்கவேண்டும். பேச்சுக்குச் சிக்னல் போதாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம். அதற்கு முன்கூட்டியே ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பிப் பதிவு செய்திருக்கவேண்டும். விசிலென்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. ஸ்கொட்லாந்தின் மீட்புக் குழுவினர் தொண்டர்கள். மீட்டதற்குப் பணம் கேட்பதில்லை. பில் வருமோ என்று பயந்து இருட்டும் வரை அழைக்காமல் இருப்பது எங்கள் பிள்ளைகளுக்கு இயல்பாக வரக்கூடியது, அதனால் இதைப் பெற்றோரே அவர்களுக்குச் சொல்லிவைக்கவேண்டும்.

சட்டம் தாராளமானது. 2003ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடக்கவும் சைக்கிளோடவும் பெரும்பாலான நிலங்களில் எவருக்கும் உரிமை தருகிறது. வெளிநாட்டு மாணவர் என்பதால் குறைவில்லை. கேற்றைத் திறந்தால் மூடவேண்டும். ஒக்டோபர் 21 முதல் பெப்ரவரி 15 வரை பெண் செம்மான் வேட்டைக்காலம் என்பதால் அந்த நிலத்தில் தொங்கும் அறிவித்தலை வாசித்து, அன்றைக்கு வேறு வழி கேட்டால் அந்த வழியில் போங்கள். ஈரம் ஊறிய மென்நிலத்தில் சைக்கிள் ஓடிச் சுவடு வெட்டக்கூடாது, தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும்.

இரண்டாவது மூன்றாவது குளிர்காலத்தில், பெப்ரவரி கடைசியில் பகல் பத்து மணித்தியாலத்தைத் தாண்டிய பிறகு, பிறேமருக்கு மேற்கே லின் ஒஃப் டீயிலிருந்து டெரி லொட்ஜ் வரை ஐந்து கிலோமீற்றர் சைக்கிளில் போய், 1155 மீற்றர் உயரமான டெரி கெயார்ன்கோர்மில் ஏறலாம். நடை மட்டும் ஆறு மணித்தியாலம் பிடிக்கும். இதையே டிசம்பரில் செய்ய நினைத்தால் போகும் ஓட்டமும் வரும் ஓட்டமும் இரண்டுமே இருட்டில்தான், கையிருப்பு எதுவும் இல்லை. பிறேமருக்குத் தெற்கே கெயார்ன்வெல் கணவாய் வீதி 670 மீற்றரில் போகிறது. பனி பெய்தால் கேற்றைப் பூட்டிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

திரும்பி வந்த அன்றே சைக்கிளைக் கழுவவேண்டும். குளிர்காலத்தில் வீதிகளுக்கு உப்புத் தூவுகிறார்கள். கடற்காற்று ஒரு சைக்கிளைத் துருவாக்கும் விதம் தெரிந்த ஊர் எங்களது. அங்கே அது ஒரு கிழமையில் நடக்கும். அழுத்தமில்லாத தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டுப் பிறகு தூங்கலாம்.

பெற்றோருக்குச் சொல்லவேண்டியது நேரத்தைப் பற்றியது. குளிர்காலத்தில் ஸ்கொட்லாந்து எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். அங்கே பிள்ளை மூன்று மணிக்கு அவிமோரில் இறங்கினால் இங்கே இரவு எட்டரை. எட்டரைக்கு அழைப்பு வராவிட்டால் பதறவேண்டாம். பல பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடையாது. ஆனால் எந்த மலை, எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் சேதி வராவிட்டால் உதவி கூப்பிடவேண்டும் என்பதைப் பிள்ளை புறப்படுமுன் எழுதி, அங்கேயே உள்ள அறைத்தோழர் ஒருவரிடம் கொடுத்திருக்கவேண்டும். திருகோணமலையிலிருந்து 999ஐ அழுத்தினால் ஸ்கொட்லாந்துப் பொலிஸுக்குப் போகாது. அந்த அறைத்தோழரின் தொலைபேசி இலக்கத்தை இன்றே கேட்டு வாங்கி, வீட்டில் எல்லோரும் காணும் இடத்தில் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
குளிர்கால மலைநடையாளர் சிலர்,
உவர்மலை,
திருகோணமலை.